வீட்டுப்பிள்ளையிடம் அணியை ஒப்படைக்கலாமா? நெப்ராஸ்காவை வைத்து ஓர் ஒப்பீடு

நவம்பர் கடைசி வாரம் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகில் ஆட்டத்தைவிட அதிகம் பேசப்படுவது ஆள் மாற்றம்தான். எந்தப் பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது, காலியான இடத்துக்கு யார் வருகிறார் என்பதே பேச்சு. (கால்பந்து என்று இங்கே சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.) அந்தப் பேச்சில் முதலில் எழும் பெயர் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு காலத்தில் ஆடியவருடையது. "நம்ம பிள்ளை, நம்ம மண்ணு அவனுக்குத் தெரியும்" என்ற உணர்வு எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான்.

விளையாட்டுத் துறை இயக்குநரின் மேசையில் பொதுவாக நான்கு வகை ஆட்கள் இருப்பார்கள். முன்பு இங்கே ஆடிய வீட்டுப்பிள்ளை, போனவருக்குக் கீழே வேலை பார்த்துவந்த உதவிப் பயிற்சியாளர், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகிலிருந்து வருபவர். வேறொரு கல்லூரியில், பெரும்பாலும் இதைவிடச் சிறியதில், அணியைத் தூக்கி நிறுத்திக் காட்டியவர். இந்த நான்கையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட நெப்ராஸ்காவைப் போலத் தோதான பல்கலைக்கழகம் இல்லை. 1998 முதல் அது எல்லா வகையையும் முயன்று பார்த்துவிட்டது. நிபந்தனைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: அதே லிங்கன் நகரம், 1962 நவம்பர் முதல் ஓர் ஆட்டம் விடாமல் டிக்கெட் தீர்ந்துபோகும் அதே மெமோரியல் ஸ்டேடியம், அதே எதிர்பார்ப்பு.

ஒன்றை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நெப்ராஸ்காவின் பொற்காலத்தைக் கட்டிய இருவருமே அங்கே ஆடியவர்கள் இல்லை. பாப் டெவானி மிச்சிகன் மாநிலத்துக்காரர். வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஜெயித்துக் காட்டிவிட்டு 1962இல் வந்தார். 1970, 1971 தேசியப் பட்டங்களை வென்றார். அவருக்குக் கீழே வேலை கற்ற டாம் ஆஸ்போர்ன் 1973இல் பொறுப்பேற்று 25 ஆண்டுகள் இருந்தார்: 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன், 1994, 1995, 1997இல் பட்டம். அவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர்தான், ஆனால் மாணவராக ஆடியது ஹேஸ்டிங்ஸ் என்ற சிறு கல்லூரிக்கு. ஆக, இந்த ஊருக்கு முதலில் பலன் தந்தவை "வெளியில் நிரூபித்தவர்", "கூடவே இருந்தவர்" என்ற இரண்டு வகைகள்தான்.

கூடவே இருந்தவர்: கையிருப்பு தீரும் நாள்

ஆஸ்போர்னுக்குப் பிறகு வந்த ஃபிராங்க் சோலிச் இரண்டு வகையிலும் சேர்ந்தவர். 1960களில் நெப்ராஸ்காவுக்கு ஃபுல்பேக்காக (பந்தோடு ஓடும் ஆட்டக்காரராக) ஆடியவர். 1979 முதல் 19 ஆண்டுகள் ஆஸ்போர்னிடம் உதவிப் பயிற்சியாளர். ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 1999இல் அவர் வென்ற, பிக் 12 என்ற லீக்கின் பட்டம்தான் நெப்ராஸ்கா இன்றுவரை வென்ற கடைசி லீக் பட்டம். 2001இல் அவருடைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை வீசும் ஆட்டக்காரர்) எரிக் கிரவுச், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார். அணி தேசிய இறுதிப் போட்டிவரை போய் மயாமியிடம் 37-14 எனத் தோற்றது.

உள்ளிருந்து உயர்த்தப்பட்டவரை எடைபோடும்போது எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் வெற்றியில் பெரும் பங்கு போனவர் சேர்த்துவைத்த ஆட்டக்காரர்களுடையது. ஒரு மாணவர் பொதுவாக நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் அணியில் இருப்பார் என்பதால் கையிருப்பு தீரக் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆகும். மயாமியில் லாரி கோக்கர் இதற்கு ஒளிவுமறைவில்லாத உதாரணம். உதவிப் பயிற்சியாளராக இருந்து 2001இல் உயர்த்தப்பட்டார். முதல் ஆண்டு 12-0 (12 வெற்றி, தோல்வி இல்லை), தேசியப் பட்டம். அடுத்து 12-1, 11-2, 9-3, 9-3, கடைசியாக 7-6. 2006இல் வேலை போயிற்று. சோலிச்சின் வரைபடமும் அப்படித்தான் இறங்கியது: 2002இல் 7-7.

ஆனால் இந்தச் சரிவு தலையெழுத்து கிடையாது. கிளெம்சனில் டேபோ ஸ்வினி 2008 நடுவில் தற்காலிகமாக நியமிக்கப்பட்டபோது தாக்குதலையோ தடுப்பாட்டத்தையோ முழுதாக நடத்தும் ஒருங்கிணைப்பாளர் பதவியில்கூட இருந்ததில்லை; ரிசீவர்களின், அதாவது வீசிய பந்தைப் பிடிப்பவர்களின், பயிற்சியாளர். 2010இல் 6-7. பிறகு 2011 சீசனுக்கான ஆரஞ்சு பௌலில் (பௌல் என்பது சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆட்டம்) வெஸ்ட் வர்ஜீனியா அவர்கள்மேல் 70 புள்ளிகள் குவித்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு தடுப்பாட்டப் பொறுப்பாளரை மாற்றி, ஓக்லஹோமாவிலிருந்து பிரென்ட் வெனபிள்ஸைக் கொண்டுவந்தார். 2016, 2018 தேசியப் பட்டங்கள் அந்த மாற்றத்தின்மேல் நின்றவை. உள்ளிருந்து வருபவர் தன்னோடு பத்தாண்டு வேலை பார்த்த நண்பர்களை நீக்க வேண்டியிருக்கும். அது அவரால் முடியுமா என்பதைத்தான் நேர்காணலில் கேட்க வேண்டும், வெள்ளைப்பலகையில் வரையும் ஆட்டத் திட்டத்தை அல்ல.

சோலிச்சாலும் முடிந்தது. அதனால்தான் அவர் கதை வலிக்கிறது. 2002க்குப் பிறகு தடுப்பாட்டப் பயிற்சியாளர்களை மாற்றி, போ பெலினி என்ற புதியவரைக் கொண்டுவந்தார். 2003இல் அணி 9-3க்கு மீண்டது. மீண்ட கையோடு, நவம்பர் கடைசியில், இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் அவரை நீக்கினார். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த நேரத்தில் வைத்தியரை மாற்றிய கதை அது. சோலிச் 2005இல் ஒஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 115 ஆட்டங்கள் ஜெயித்தார்.

என்.எஃப்.எல்.லில் இருந்து வருபவர்: பொருந்தாத சட்டை

சோலிச்சை நீக்கியவர்கள் கையில் மாற்று ஆள் இல்லை. தேடல் 40 நாளுக்கு மேல் இழுத்தது. ஆள் சேர்ப்பின் உச்ச வாரங்கள் அதில் கரைந்தன. இறுதியில் 2004 ஜனவரியில் வந்தவர் ஓக்லண்ட் ரெய்டர்ஸை ஒரு வருடம் முன்பு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை அழைத்துச் சென்று, அடுத்த சீசனில் 4-12 என வீழ்ந்து வேலை இழந்த பில் கலஹான்.

கலஹான் ஆட்டம் தெரியாதவர் கிடையாது. தாக்குதல் வரிசையைப் பயிற்றுவிப்பதில் அவருக்கு நல்ல பெயர். சிக்கல் இருந்தது சரக்கில். நெப்ராஸ்கா அணி பல ஆண்டுகளாக ஓட்ட ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டது: குவார்ட்டர்பேக் பந்தோடு பக்கவாட்டில் ஓடி, கடைசி நொடியில் வைத்துக்கொள்வதா வீசிவிடுவதா என்று முடிவெடுக்கும் ஆப்ஷன் முறை. முன்வரிசை ஆட்கள் தாழ்ந்து பாய்ந்து தள்ளப் பழகியவர்கள். கலஹான் கொண்டுவந்த வெஸ்ட் கோஸ்ட் முறையில் அதே ஆட்கள் பின்வாங்கி நின்று பந்து வீசுபவரைக் காக்க வேண்டும். குவார்ட்டர்பேக் மூன்று அடி, ஐந்து அடி பின்னே எடுத்துவைத்து, ரிசீவர் திரும்பும் முன்பே பந்தை விட வேண்டும். தொழில்முறை அணியில் இதற்கேற்ற ஆட்களைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அன்றைய கல்லூரி விதிகளில் அதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும். 2004இல் அணி 5-6. 1961க்குப் பிறகு முதல் தோல்வி சீசன். 35 ஆண்டுகள் தொடர்ந்து ஆடிவந்த பௌல் ஆட்டம் கைநழுவியது. அந்த ஆண்டு டெக்சஸ் டெக்கிடம் 70-10, 2007இல் கான்சஸிடம் 76-39. மொத்தம் நான்கு ஆண்டில் 27-22.

கலஹான் காலத்தில் இன்னொன்றும் தேய்ந்தது: வாக்-ஆன் மரபு. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேரும் நெப்ராஸ்காவின் பண்ணைவீட்டுப் பையன்கள்தான் ஆஸ்போர்ன் காலத்துப் பயிற்சிகளில் எதிரணியாக நின்று முதல் வரிசையைக் கூர்தீட்டியவர்கள். வெளியாளுக்கு அது வெறும் கூட்டமாகத் தெரியும். இந்த இடத்தில் மட்டும் "மண் தெரிந்தவன்" என்ற வாதத்துக்கு உண்மையான எடை உண்டு. (இப்போது நீதிமன்ற உடன்பாட்டின்படி 2025 முதல் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டதால், அந்த மரபை யார் வந்தாலும் பழைய அளவில் மீட்க முடியாது.)

என்.எஃப்.எல். வகையை ஒட்டுமொத்தமாக ஒதுக்கவும் கூடாது. பீட் கேரல் அங்கே இரண்டு முறை வேலை இழந்துவிட்டு யூ.எஸ்.சி.க்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வந்து சாதித்தார். நிக் சேபன் மயாமி டால்ஃபின்ஸிலிருந்து அலபாமாவுக்கு வந்து ஆறு பட்டங்கள் வாங்கினார். ஆனால் அவர் அதற்கு முன்பே எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கல்லூரிப் பட்டம் வென்றவர். பில் பெலிச்சிக் ஆறு சூப்பர் பௌல் வென்ற தலைமைப் பயிற்சியாளர். 2025இல் நார்த் கரோலைனாவில் முதல் சீசன் 4-8. என் கணிப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 17 வயதுப் பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் பேசி ஆள் சேர்த்த அனுபவம் இவருக்கு எத்தனை ஆண்டு? கேரலைப் போன்ற விதிவிலக்கை நம்பிப் பல கோடி டாலரைப் பந்தயம் கட்ட நான் சொல்லமாட்டேன்.

வெளியில் நிரூபித்தவர்: எந்தப் படிக்கட்டில் நிரூபித்தார்?

கலஹானுக்குப் பிறகு 2008இல் வந்த பெலினி, 2003இல் ஒரே சீசன் தடுப்பாட்டத்தை நடத்தியவர். ஏழு ஆண்டும் ஒன்பது அல்லது பத்து வெற்றி. ஏழு ஆண்டும் நான்கு தோல்வி. அந்த நான்கில் ஒன்றிரண்டு மானம் போகும்படி இருக்கும்: 2012இல், நெப்ராஸ்கா 2011இல் மாறிய பிக் டென் லீக்கின் இறுதியில் விஸ்கான்சினிடம் 70-31, 2014இல் அதே விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் ஒருவரே 408 யார்டு ஓடினார். பெலினியை நீக்கிவிட்டு ஆரிகன் ஸ்டேட்டிலிருந்து மைக் ரைலியைக் கொண்டுவந்தார்கள். அனுபவம் நிறைய, மனிதர் இனியவர், ஆனால் மூன்று ஆண்டில் 19-19. ஆரிகன் ஸ்டேட்டில் அவர் ஜெயித்ததும் தோற்றதும் ஏறத்தாழச் சமம். இங்கேயும் சமமாகவே நின்றது. "நிரூபித்தவர்" என்ற சொல்லுக்கு முன் என்ன நிரூபித்தார் என்று பார்க்க வேண்டும். சராசரி அணியைச் சராசரியாகவே வைத்திருப்பதும் ஒருவகை நிரூபணம்தானே.

இப்போதைய மேட் ரூல் இதற்கு மாற்றான வகை. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2-10, 6-6, 10-4, 10-3. பேய்லரில் 1-11, 7-6, 11-3. இரண்டு இடத்திலும் தரைமட்டத்திலிருந்து மூன்றாம் ஆண்டில் எழுந்த கோடு. நடுவில் என்.எஃப்.எல்.லின் கரோலைனா பேந்தர்ஸில் 11-27. 2022 நவம்பரில் எட்டு ஆண்டுக்கு 7.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். 2023இல் 5-7, 2024இல் 7-6, எட்டு ஆண்டுக்குப் பிறகு முதல் பௌல் ஆட்டம், அதில் வெற்றி. 2025இலும் ஏழு வெற்றி. மூன்றாம் ஆண்டுத் துள்ளல் இங்கே வரவில்லை. டெம்பிளும் பேய்லரும் ஆடிய லீக்குகளில் எதிரில் நின்றவர்கள் வேறு. பிக் டென்னில் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன், இப்போது ஆரிகனும் நிற்கிறார்கள். கீழ்ப்படியில் கிடைத்த எண்களை மேல்படிக்கு எடுத்து வரும்போது கொஞ்சம் கழித்துத்தான் எழுத வேண்டும்.

வீட்டுப்பிள்ளை: ஸ்காட் ஃப்ராஸ்ட்

ஃப்ராஸ்ட் நெப்ராஸ்காவின் வுட் ரிவர் ஊர்ப்பையன். முதலில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பியவர். 1997இல், ஆஸ்போர்னின் கடைசி ஆண்டில், 13-0 அணியின் குவார்ட்டர்பேக். ஆரஞ்சு பௌலில் டென்னஸியை 42-17 என வென்று, மிச்சிகனோடு பட்டத்தைப் பகிர்ந்தார்கள். பயிற்சியாளராக ஆரிகனில் ஏழு ஆண்டு. கடைசி மூன்றில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். பிறகு 2015இல் 0-12 என்று கிடந்த யூ.சி.எஃப். (சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம்) அணியை எடுத்து 6-7, அடுத்த ஆண்டே 13-0.

பலரும் "பாசத்தில் எடுத்த தவறான ஆள்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு அந்த விண்ணப்பத்தை 2017 டிசம்பரில் யாரிடம் கொடுத்திருந்தாலும் முதல் மூன்று பேருக்குள் வைத்திருப்பார்கள். எடுத்தது தவறில்லை. எடுத்த பிறகு பாசம் செய்த மூன்று காரியங்கள்தான் தவறு.

முதலாவது, உதவியாளர்கள். யூ.சி.எஃப்.பில் இருந்த குழுவை ஏறக்குறைய அப்படியே கூட்டிவந்தார். இரண்டே ஆண்டில் 13-0 வரை வந்த குழுதானே என்று யாரும் தடுக்கவில்லை. புளோரிடாவின் வெயிலில் வேகத்தை வைத்து ஜெயித்தவர்களுக்கு, நவம்பர் குளிரில் அயோவாவின் முன்வரிசையை நகர்த்தத் தெரிந்த ஆள் ஒருவராவது கூட வேண்டும். வெளியாள் ஒருவர் வந்திருந்தால் இயக்குநர் "இந்த இரண்டு இடத்துக்கு பிக் டென் அனுபவம் உள்ளவரைப் போடு" என்று சொல்லியிருப்பார். ஊரே தோளில் தூக்கி வந்த பிள்ளையிடம் அதைச் சொல்லும் துணிவு வரவில்லை.

இரண்டாவது, ஸ்பெஷல் டீம்ஸ். பந்தை உதைப்பது, உதைத்ததைப் பிடித்து ஓடுவது, ஓடுபவரைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் இதில் அடங்கும். 2021இல் இதற்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் இல்லை. லைன்பேக்கர்களின் (தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) பயிற்சியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். செப்டம்பர் 25, ஈஸ்ட் லான்சிங். நெப்ராஸ்கா 20-13 முன்னிலை, ஆட்டம் முடிய நான்கு நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாம் பாதி முழுக்க மிச்சிகன் ஸ்டேட்டின் தாக்குதலை நெப்ராஸ்காவின் தடுப்பாட்டம் நசுக்கி வைத்திருக்கிறது. பன்ட் செய்ய வேண்டும், அதாவது பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுக்க வேண்டும். திட்டப்படி பந்து வலது ஓரத்துக்குப் போக வேண்டும். துரத்தும் பத்துப் பேரும் வலப்பக்கமாக ஓடுகிறார்கள். பந்து இடப்பக்கம் போய் விழுகிறது. அங்கே ஜேடன் ரீட் பிடித்தபோது அவர் முன்னால் வெட்டவெளி. 62 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார், டச்டவுன், 20-20. கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி. உதைத்தவரின் கால் பிசகியது ஒரு நொடி. பந்து தவறிப் போனால் எதிர்ப்பக்கத்தைக் காக்க ஒருவரை நிறுத்திவைக்காதது வாரக்கணக்கில் பயிற்சியில் செய்யாத வேலை. அந்த ஆண்டு நெப்ராஸ்கா ஒன்பது ஆட்டம் தோற்றது. ஒன்பதும் ஒன்பது புள்ளிக்குள். இவ்வளவு நெருக்கமாகத் தோற்பவர்களைத் துரதிர்ஷ்டசாலிகள் என்பார்கள். அதில் பாதியாவது உதைபந்து வேலையில் போனவை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது: ஒப்பந்தம். முதல் ஒப்பந்தம் ஏழு ஆண்டு, 3.5 கோடி டாலர். 2019 நவம்பரில், முதல் ஆண்டு 4-8, இரண்டாம் ஆண்டு 4-5 என்று இருந்தபோது, அதை மேலும் இரண்டு ஆண்டு நீட்டி 2026வரை கொண்டுபோனார்கள். ஆள் சேர்ப்புக்கு நிலைத்தன்மை காட்ட வேண்டும் என்பது வழக்கமான நியாயம். ஆனால் நீட்டிய ஒவ்வோர் ஆண்டும் பைஅவுட் என்ற பணிநீக்க இழப்பீட்டில் போய் ஏறும். ஃப்ராஸ்டை யாரும் அப்போது கொத்திக்கொண்டு போகக் காத்திருக்கவில்லை. கேட்காமலே கொடுத்த பரிசு அது.

2021 முடிவில் இயக்குநர் டிரெவ் ஆல்பர்ட்ஸ் நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தார். அவரும் நெப்ராஸ்காவின் பழைய லைன்பேக்கர்தான். சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான புட்கஸ் விருதை 1993இல் வாங்கியவர். சம்பளத்தை 50 லட்சத்திலிருந்து 40 லட்சமாகக் குறைத்து, தாக்குதல் பிரிவில் நான்கு உதவியாளர்களை நீக்க வைத்து, இழப்பீடு 2022 அக்டோபர் 1 அன்று 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாக இறங்கும்படி எழுதினார். அந்தத் தேதிவரைகூட நிற்க முடியவில்லை. டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னை 28-17 என முந்திக்கொண்டிருக்கும்போது ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்தைத் தொலைவுக்கு அடிக்காமல் பத்து யார்டு மட்டும் உருட்டி, நாமே திரும்ப எடுக்கப் பார்க்கும் உத்தி அது. பின்தங்கியவர்கள் கடைசி நிமிடத்தில் செய்வது. நார்த்வெஸ்டர்ன் பந்தை எடுத்தது, பாதி மைதானத்தைக் கடக்கும் வேலை அதற்கு மிச்சமானது, டச்டவுன் போட்டது, 31-28 என ஜெயித்தது. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42. மறுநாள், செப்டம்பர் 11, வேலை போயிற்று. 16 வெற்றி, 31 தோல்வி. கூடவே முழு 1.5 கோடி.

இதே மருந்து வேறு இரண்டு இடத்தில் பலித்திருக்கிறது. வர்ஜீனியா டெக்கின் பழைய ஆட்டக்காரர் ஃபிராங்க் பீமர் அங்கேயே 1987இல் தலைமைப் பயிற்சியாளரானார். ஆறு சீசன் முடிவில் 24-40-2 (கடைசி எண் சமன்), 1992இல் 2-8-1. நீக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பதவியில் வைத்துக்கொண்டார்கள், ஆனால் உதவியாளர் குழு மாறியது. 1993 முதல் 2015வரை 23 ஆண்டு இடைவிடாமல் பௌல் ஆட்டம். 1999 சீசனில் மைக்கேல் விக்கோடு தேசிய இறுதிப் போட்டி. பீமருக்கும் ஃப்ராஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் ஸ்பெஷல் டீம்ஸைத்தான் காட்டுவேன்: பீமர் அதைத் தன் கையிலேயே வைத்திருந்தார், நல்ல ஆட்டக்காரர்களை அதில் நிறுத்தினார், பன்ட்டைத் தடுத்தே பல ஆட்டம் ஜெயித்தார்.

மிச்சிகனின் ஜிம் ஹார்பா இன்னொருவர். 1980களில் அங்கே குவார்ட்டர்பேக்; 2014 டிசம்பரில் திரும்பும்போது ஸ்டான்ஃபோர்டைத் தூக்கி நிறுத்தி, என்.எஃப்.எல்.லின் 49அர்ஸை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனவர். அப்படிப்பட்டவரும் ஒஹையோ ஸ்டேட்டிடம் தொடர்ந்து ஐந்து முறை தோற்று, 2020இல் 2-4இல் முடித்தார். 2021 ஜனவரியில் பல்கலைக்கழகம் அவர் அடிப்படைச் சம்பளத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கியது. அவர் தடுப்பாட்டத்துக்கு பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்து குழுவைப் புதுப்பித்தார். அந்த ஆண்டே ஒஹையோ ஸ்டேட்டை 42-27 என வென்றார். 2023இல் 15-0, தேசியப் பட்டம். (அதே காலத்து எதிரணி சைகை திருட்டு விவகாரத்தில், கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தண்டனையும் வந்தது, அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.)

ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட் விண்ணப்பம் இதற்கு நேர்மாறு. தலைமைப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் சேபனிடம் அலபாமாவில் மட்டும் ஒன்பது சீசன், அதில் எட்டு தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராக. 2015 டிசம்பரில் தான் ஆடிய பல்கலைக்கழகத்துக்கு வந்தார்: முதல் ஆண்டு 8-5, இரண்டாம் ஆண்டு இறுதிப் போட்டி, 2021, 2022 பட்டங்கள். ஃப்ராஸ்டிடம் தலைமை அனுபவம் இரண்டு ஆண்டு இருந்தது; ஸ்மார்ட்டிடம் மிகப் பெரிய அணி ஒன்று தினசரி எப்படி இயங்குகிறது என்ற ஒன்பது ஆண்டு அனுபவம் இருந்தது. இரண்டாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

எடுப்பதானால் எழுத வேண்டியவை

வீட்டுப்பிள்ளையை எடுக்கும் இயக்குநர் ஒப்பந்தத்தில் சிலவற்றை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் அது அவமரியாதையாகிவிடும். வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தை இழப்பீட்டில் கழிக்கும் விதி கட்டாயம். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டி வந்தது; அந்த ஒப்பந்தத்தில் கழிவு விதி கிடையாது. நீட்டிப்பு வேண்டுமானால் தன்னால் வரக் கூடாது, இத்தனை வெற்றி என்ற வாசலைத் தாண்டி வர வேண்டும். இழப்பீடு இறங்கும் தேதியை சீசன் நடுவில் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால், அன்றுவரை தாங்கலாமா என்ற பேச்சு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் காதில் விழும். டிசம்பரில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பெஷல் டீம்ஸுக்குத் தனிப் பயிற்சியாளர் என்பதைப் பேச்சுவார்த்தைக்கே விடக் கூடாது. முன்பு களத்தில் பயிற்றுவிக்கப் பத்து உதவியாளர்களுக்குத்தான் அனுமதி என்பதால் இடம் போதவில்லை என்று சொல்ல முடிந்தது. 2024இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. இப்போது அந்தச் சாக்குக்கு இடமில்லை.

நாள்காட்டியும் முக்கியம். புதிய மாணவர்கள் கையெழுத்திடும் முதல் கட்டம் டிசம்பர் தொடக்கம். ஆட்டக்காரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால், புதியவர் வந்த ஐந்தாம் நாளிலிருந்து அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் 15 நாள் வாசல் திறக்கும். 2003இல் 40 நாள் தேடியதைப் போல இன்று தேடினால் திரும்பிப் பார்க்கும்போது அணியே இருக்காது. வீட்டுப்பிள்ளைக்கு உண்மையான பலன் இந்த 15 நாளில்தான்: பழைய ஆட்டக்காரர்கள் தொலைபேசியில் இறங்குவார்கள், நன்கொடையாளர்கள் கதவு திறக்கும், போகக் கிளம்பிய பையன் ஒரு வாரம் பொறுப்பான். அந்த ஒரு வாரத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதே கேள்வி.

நாற்காலி வேறாக இருந்தால்

வீட்டுப்பிள்ளையைக் களத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் பொது மேலாளர் பதவி இப்போது தலைமைப் பயிற்சியாளருக்கு இணையாக வளர்ந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு 2024 நவம்பரில் அந்த நாற்காலியைத் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கிடம் கொடுத்தது. நன்கொடையாளர், பழைய மாணவர், சேரவரும் பையன் மூவரும் நம்பும் முகம் தேவைப்படும் இடம் இது. கடைசி முயற்சியான நான்காவது டவுனில் பன்ட் செய்வதா என்று முடிவெடுக்கும் இடம் இல்லை. நெப்ராஸ்காவிலும் ஆஸ்போர்ன் 2007 முதல் இயக்குநராக இருந்தபோது பெலினியை எடுத்து, தோல்விப் பள்ளத்திலிருந்து ஒன்பது வெற்றிக்கு அணியை ஏற்றினார். அவரே களத்துக்குத் திரும்பியிருந்தால் அது நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

லக் 2025 மார்ச்சில் பயிற்சியாளரை நீக்கி, ஒரு சீசனுக்கு மட்டும் ஃபிராங்க் ரைக்கை அமர்த்தி, அணி 4-8இல் முடிந்த பிறகு நிரந்தரமாகத் தேர்ந்தது இன்னொரு வீட்டுப்பிள்ளையை: 2007இல் யூ.எஸ்.சி.யை 24-23 என வீழ்த்திய அதே ஸ்டான்ஃபோர்டு குவார்ட்டர்பேக் டவிட்டா பிரிச்சர்ட். பத்தாண்டுக்கு மேல் அங்கேயே உதவியாளர், பிறகு வாஷிங்டன் கமாண்டர்ஸில் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். தலைமைப் பதவி இதுவே முதல். பெயரை மறைத்தால் இந்த விண்ணப்பம் ஃப்ராஸ்டினுடையதைவிட மெலிந்தது. ஆனால் ஃப்ராஸ்டுக்கு 2018இல் இல்லாத ஒன்று இவருக்கு உண்டு: "இந்த உதவியாளர் வேண்டாம்" என்று சொல்லக்கூடிய, ஊர் அவரைவிட அதிகமாக நேசிக்கும் ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். முதல் சீசனில் அவர்கள் ஸ்பெஷல் டீம்ஸை யார் கையில் கொடுக்கிறார்கள், இரண்டாம் சீசன் நடுவில் ஒப்பந்தத்தைத் தொடுகிறார்களா என்ற இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.